'மற்றும் பலர்': பெயர்களைத் திரும்பக் கேட்போம்

(ஜூலை மாதம் மதுரையில் நடந்த வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'அரசு ஒடுக்குமுறையும் மக்கள் எதிர்ப்பும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. ஒரு மணி நேரத்தில் உலக வரலாறே பேசலாம். நான் அப்படிப் பேசப்போவதில்லை. இரண்டே இரண்டு சொற்களைப் பற்றிப் பேசப்போகிறேன். 'மற்றும் பலர்'.

என்னுடைய முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சாதி வன்முறை வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளைப் படித்து வருகிறேன். தென் மாவட்டங்களின் வழக்குகள். சேரியில் புகுந்து அடித்தவர்கள் மீது ஒரு வழக்கு பதிவாகும். அதே நாளில், பல நேரம் அதற்கு முன்பாகவே, அடிவாங்கியவர்கள் மீதும் ஒரு எதிர் வழக்கு பதிவாகும். அந்த எதிர் வழக்கின் எஃப்.ஐ.ஆரில் ஐந்தாறு பெயர்கள் இருக்கும். அதற்குப் பிறகு 'மற்றும் பெயர் தெரியாத பலர்' என்று முடியும். தொடக்கத்தில் இதை நான் கவனிக்கவில்லை. ஏதோ எழுத்தர் பழக்கம் என்று தாண்டிப் போய்விட்டேன். பிறகுதான் அந்த ஊர்களுக்குப் போனேன். ஒரு அம்மா சொன்னார்: "அந்த ஆறு பேர புடிச்சுட்டுப் போனாங்கம்மா, அது ஒண்ணும் பெருசில்ல. மீதி யாருன்னு தெரியாம ஊர்ல ஒரு ஆம்பள மூணு மாசம் வீட்ல படுக்கல."

இதுதான் அந்தச் சொற்களின் வேலை. எழுதாமல் விட்ட பெயர் யாருடைய பெயராகவும் இருக்கலாம். கூட்டத்துக்கு வந்தவன், வராதவன், மனுவில் கையெழுத்துப் போட்டவன், நாளைக்குப் போடலாம் என்று நினைத்தவன், எல்லோரும் அந்த இரண்டு சொற்களுக்குள் இருக்கிறார்கள். ஆறு பேரைக் கைது செய்து அறுநூறு பேரை அடக்கிவிடலாம். செலவு குறைவு.

இடிந்தகரை ஞாபகம் இருக்கிறதா? 2011, 2012. கூடங்குளம் அணு உலையை எதிர்த்துப் போராடிய மக்கள். மீன் பிடிப்பவர்கள், பீடி சுற்றுபவர்கள், வீட்டுப் பெண்கள். ஒரே காவல் நிலைய எல்லைக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் மீது தேசத்துரோகப் பிரிவில், அதாவது 124-ஏ பிரிவில், வழக்குகள் பதிவாயின. ஒரு சில பெயர்கள், மற்றும் பலர். அந்த ஊர்ப் பையன்கள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோதுதான் வழக்கின் நீளம் தெரிந்தது. கடலை நம்பிப் பிழைக்க முடியாமல் வளைகுடா வேலைக்குப் போகலாம் என்று நினைத்தவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. வழக்குகளைத் திரும்பப் பெற அரசு முயல வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்படியும் அந்த மக்கள் அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் அலைந்தார்கள் என்பதை அந்தப் பக்கத்துத் தோழர்கள் சொல்வார்கள்.

இங்கே நடந்ததைப் போலவே ஜார்கண்டிலும் நடந்தது. அங்கே போன ஒரு தமிழரைப் பற்றி இன்று பேசியே ஆக வேண்டும். ஜூலை 5 அவருடைய நினைவு நாள். ஸ்டேன் சாமி.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. பெங்களூரில் சமூகப் பயிற்சி நிறுவனம் ஒன்றை நடத்தியவர். தொண்ணூறுகளில் ஜார்கண்ட் பகுதிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். ராஞ்சிக்குப் பக்கத்தில் 'பகாய்ச்சா' என்ற மையம்தான் அவருடைய இருப்பிடம். அவரைப் பற்றி நம் மேடைகளில் பேசும்போது 'ஆதிவாசிகளுக்காகக் குரல் கொடுத்தவர்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் உண்மையில் செய்த வேலை என்ன? எண்ணினார். பெயர் கேட்டு எழுதினார். நான் பேச வந்தது இதைத்தான்.

ஜார்கண்டில் மாவோயிஸ்ட் என்ற சந்தேகத்தில் ஆதிவாசி இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எத்தனை பேர், யார், எந்த ஊர், என்ன வழக்கு, வழக்கறிஞர் இருக்கிறாரா, வீட்டில் யார் இருக்கிறார்கள்? இதற்குப் பதில் யாரிடமும் இல்லை. அவரும் அவருடைய குழுவினரும் 102 விசாரணைக் கைதிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரின் கதையையும் பதிவு செய்து 2016இல் அறிக்கையாக வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்கள் ஏழை ஆதிவாசிகள், மூலவாசிகள். மாவோயிஸ்ட் அமைப்போடு தங்களுக்குத் தொடர்பில்லை என்று சொன்னவர்கள். வழக்கு நடத்த நிலத்தையும் ஆடு மாடுகளையும் விற்றவர்கள். அறிக்கையோடு நிற்காமல் விசாரணைக் கைதிகளின் நிலை குறித்து ஜார்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போட்டார். எத்தனை பேரை அடைத்து வைத்திருக்கிறீர்கள், ஏன் விசாரணை நடக்கவில்லை என்று அரசிடமே கேட்டார்.

அடுத்தது பத்தல்கடி. 2017, 2018இல் குந்தி மாவட்டத்து ஆதிவாசி கிராமங்கள் ஊர் எல்லையில் கல் நட்டார்கள். இறந்தவர்களுக்குக் கல் நடுவது முண்டா மக்களின் பழைய வழக்கம். இந்த முறை கல்லில் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையையும், 1996ஆம் ஆண்டு பெசா சட்டத்தில் கிராம சபைக்கு உள்ள அதிகாரத்தையும் செதுக்கி வைத்தார்கள். நாட்டின் சட்டத்தைக் கல்லில் வெட்டி வைத்ததற்குத் தேசத்துரோக வழக்கு வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மீது என்று ஊடகங்கள் எழுதின. யார் அந்தப் பத்தாயிரம் பேர்? சில பெயர்கள், மற்றும் பலர். அதை விமர்சித்து முகநூலில் எழுதினார்கள் என்று ஸ்டேன் சாமி உட்பட 20 பேர் மீது தனியாக ஒரு தேசத்துரோக வழக்கும் வந்தது.

இப்போது பீமா கோரேகானுக்கு வருவோம். இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு அந்த ஊரின் பெயரை விளக்க வேண்டியதில்லை. 1818 ஜனவரி 1இல் பேஷ்வா படையை எதிர்த்து மகர் வீரர்கள் நின்ற இடம். 1927 ஜனவரி 1இல் பாபாசாகேப் அங்கே போன பிறகு அது நம்முடைய நினைவிடம். இருநூறாவது ஆண்டான 2018 ஜனவரி 1இல் அங்கே திரண்ட தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். முந்தைய நாள் புனே சனிவார் வாடாவில் நடந்த எல்கார் பரிஷத் கூட்டம்தான் காரணம் என்று வழக்கு திரும்பியது. கல்லெறிந்தவர்களைத் தேட வேண்டிய இடத்தில் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் கவிஞர்களும் கைதானார்கள். மொத்தம் 16 பேர். 2020 ஜனவரியில், மகாராஷ்டிரத்தில் ஆட்சி மாறிய சில வாரங்களில், வழக்கு மாநிலக் காவல்துறையின் கையிலிருந்து தேசியப் புலனாய்வு முகமையின் கைக்குப் போனது.

பதினாறாவது ஆளாகக் கைதானவர் ஸ்டேன் சாமி. 2020 அக்டோபர் 8. வயது 83. தான் பீமா கோரேகானுக்குப் போனதே இல்லை என்று கைதுக்கு முன் பதிவு செய்த காணொளியில் சொன்னார். அவருக்குக் கை நடுக்கம். பார்க்கின்சன் நோய்.

அவர் மீது போடப்பட்டது ஊபா சட்டம். அதில் 43டி(5) என்று ஒரு பிரிவு இருக்கிறது. இதை நீங்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே நீதிமன்றம் பிணை கொடுக்கக் கூடாது என்கிறது அது. ஆதாரத்தைக் குறுக்கு விசாரணை செய்ய வழக்கு நடக்க வேண்டும். வழக்கு நடப்பதில்லை. 2018 முதல் 2020 வரை மூன்றாண்டுகளில் இந்தச் சட்டத்தில் கைதானவர்கள் 4,690 பேர், அதே காலத்தில் தண்டனை பெற்றவர்கள் 149 பேர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அப்படியானால் தண்டனை எங்கே நடக்கிறது? வாய்தாவில் நடக்கிறது. ரோனா வில்சனும் சுதிர் தாவ்லேவும் 2018 ஜூனில் கைதானவர்கள். 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் அவர்களுக்குப் பிணை கொடுத்தபோது ஆறரை ஆண்டு ஆகியிருந்தது. அதுவரை குற்றச்சாட்டுகூட வனையப்படவில்லை.

ஸ்டேன் சாமிக்கு அவ்வளவு காலம் இல்லை. கை நடுங்குவதால் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. ஸ்ட்ராவும் சிப்பரும் வேண்டும் என்று 2020 நவம்பர் 6இல் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல முகமை இருபது நாள் கேட்டது. இருபது நாள் கழித்து, நவம்பர் 26இல், அந்தப் பொருட்களை நாங்கள் பறிமுதல் செய்யவே இல்லை என்றது. நவம்பர் 26 என்ன நாள் என்று உங்களுக்குத் தெரியும். அரசமைப்புச் சட்ட நாள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். நாட்டின் பல ஊர்களிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் கடையில் சிப்பர் வாங்கி, ஸ்ட்ரா வாங்கி, முகமையின் அலுவலகத்துக்கும் தலோஜா சிறைக்கும் பார்சல் அனுப்ப ஆரம்பித்தார்கள். யாரும் மேடை போடவில்லை. சில நாட்களில், சிப்பர் கொடுத்துவிட்டோம் என்று சிறை நிர்வாகம் அறிவித்தது. பிணை கிடைக்கவில்லை, சிப்பர் கிடைத்தது. சின்ன விஷயம் என்று சொல்லலாம். தாகத்தோடு இருந்தவருக்கு அது சின்ன விஷயமில்லை. ஒரு பெயரை நாடு பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சிறைக்குத் தெரிந்தபோது சிறை ஒரு அடி பின்வாங்கியது.

அவர் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் தன்னைப் பற்றிப் புலம்பவில்லை. வெர்னான் கொன்சால்வஸ் குளிக்க உதவுகிறார், அருண் ஃபெரைரா சாப்பிட உதவுகிறார், கூட அடைபட்டிருக்கும் ஏழைக் கைதிகள் துணி துவைத்துத் தருகிறார்கள், முழங்காலைப் பிடித்துவிடுகிறார்கள் என்று எழுதினார். என்ன வழக்கென்றே தெரியாமல் உள்ளே இருக்கும் மற்ற விசாரணைக் கைதிகளைப் பற்றி எழுதினார். உள்ளே போயும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

2021 மார்ச்சில் பிணை மறுக்கப்பட்டது. மே மாதம் காணொளி வழியாக உயர் நீதிமன்றத்தின் முன் வந்தவர், மருத்துவமனை வேண்டாம், என் மக்களோடு இருக்க விடுங்கள் என்று கேட்டார். ஜூலை 5 அன்று அவருடைய பிணை மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றத்துக்குச் சொன்னார்கள்.

தோழர்களே, இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் அவருடைய கைதைக் கண்டித்து ஒரு கூட்டறிக்கை வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. என் தோழி அனுப்பி, "கையெழுத்துப் போடு" என்றாள். அப்போது என்னுடைய உதவித்தொகைப் புதுப்பிப்புக் கோப்பு ஒரு மேசையில் கிடந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா இன்றும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அம்மா போனில், "படிச்சு முடிச்சா போதும்டி, எதுலயும் கையெழுத்து கிய்யெழுத்து போட்டுட்டு வராத" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் போடவில்லை. தோழியிடம் "நெட்வொர்க் இல்ல, பாக்கல" என்று பொய் சொன்னேன். ஒன்பது மாதம் கழித்து அவர் செத்துப்போன செய்தி வந்தபோது என் கோப்பு அதே மேசையில்தான் கிடந்தது.

குற்றவுணர்வைக் காட்ட இதைச் சொல்லவில்லை. பயம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு என்னிடம் இருக்கும் நேரடிச் சாட்சி இதுதான். என்னை யாரும் மிரட்டவில்லை. நோட்டீஸ் வரவில்லை. 'மற்றும் பலர்' என்பதில் நானும் ஒருத்தி ஆகிவிடுவேனோ என்று நானே என் பெயரை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் கூடுதல். சொத்து இருக்கிறவன் வழக்கைச் சமாளிப்பான். முதல் தலைமுறைக்கு ஒரு வழக்கு என்றால் ஒரு குடும்பத்தின் முப்பது வருட உழைப்பு. ஆகவே பயப்படுகிற தோழரைக் கோழை என்று சொல்லாதீர்கள். அவர் பயத்தைக் குறைக்க நம்மால் என்ன ஏற்பாடு செய்ய முடியும் என்று யோசியுங்கள்.

என்ன ஏற்பாடு? எனக்குத் தெரிந்த நாலு விஷயத்தைச் சொல்கிறேன்.

ஒன்று, சட்டத்தைக் கையில் வைத்திருப்பது. கைது செய்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஊபா வழக்கிலும் இது கட்டாயம் என்று 2024 மே 15 அன்று நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுத்தில் கொடுக்கவில்லை என்ற அந்த ஒரே காரணத்தால் அவருடைய கைது செல்லாது என்றானது. விசாரணை முடிய வாய்ப்பில்லாமல் நீண்ட காலம் அடைத்து வைத்தால், 43டி(5) இருந்தாலும் பிணை கொடுக்கலாம் என்பது 2021 பிப்ரவரியில் வந்த நஜீப் தீர்ப்பு. இந்த இரண்டையும் ஒரு பக்கத்துக்குத் தமிழில் எழுதி, உங்கள் ஊரில் ஒவ்வொருவர் போனிலும் வையுங்கள்.

இரண்டு, நீதிமன்றத்துக்குப் போவது. மேடைக்கு இருநூறு பேர் வருகிறோம், வாய்தாவுக்கு அம்மாவும் தம்பியும் மட்டும்தான் நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு வாய்தா என்று பிரித்துக்கொண்டு போய் நின்றாலே கூண்டில் நிற்பவருக்குத் தெரியும், வெளியே ஆள் இருக்கிறது என்று. பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்கள் நம் மக்கள்தான். ஜாமீன் கொடுக்கத் தகுதியுள்ள தோழர்களின் பட்டியல் ஒன்று உங்கள் அமைப்பிடம் இருக்கிறதா?

மூன்று, எழுதி வைப்பது. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் சிறைகளுக்குள் சாதி எப்படி நடக்கிறது, யார் சமைக்கிறார், யார் கக்கூஸ் கழுவுகிறார் என்று மாநிலம் மாநிலமாகச் சிறைக் கையேடுகளைப் படித்து எழுதினார். பிறகு அவரே வழக்குப் போட்டார். 2024 அக்டோபர் 3இல் சிறையில் சாதிவாரியாக வேலை பிரிப்பதும் கைதிகளைப் பிரித்து அடைப்பதும் அரசமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்தது. நம் பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் இருந்த பிரிவினையும் அதில் பேசப்படுகிறது. ஒருவர் உட்கார்ந்து பொறுமையாக எழுதியதில் தொடங்கியது அது.

நான்கு, ஓட்டைக் கணக்குக் கேட்பது. 2019 டிசம்பரில் ஜார்கண்டில் ஆட்சி மாறியது. பத்தல்கடி வழக்குகளைத் திரும்பப் பெறுவது என்று புதிய அமைச்சரவை முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்தது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை அது. வழக்குக்கு உள்ளான கிராமங்கள் அதைத் தேர்தல் பிரச்சினையாக்கின.

ஒரு தோழர் கேட்பார்: "சட்டமே அவங்க சட்டம், கோர்ட்டே அவங்க கோர்ட்டு, அங்க போய் என்ன பண்ண?" நியாயமான கேள்வி. ஸ்டேன் சாமியைச் சட்டம் காப்பாற்றவில்லை. ஆனால் பாருங்கள், ஆனந்த் தெல்தும்ப்டே 2020 ஏப்ரல் 14இல் சரணடைந்தார். 2022 நவம்பர் 26இல் பிணையில் வெளியே வந்தார். உள்ளே போனது அம்பேத்கர் பிறந்த நாள், வெளியே வந்தது அரசமைப்புச் சட்ட நாள். இடையில் இரண்டரை ஆண்டு. அந்த இரண்டரை ஆண்டை நமக்கு யாரும் திருப்பித் தர மாட்டார்கள். ஆனாலும் வழக்கறிஞர்கள் விடாமல் வாதாடியிருக்காவிட்டால் அது இன்னும் நீண்டிருக்கும். சட்டத்தை நம்பச் சொல்லவில்லை. சட்டத்தைத் தனியாக விடாதீர்கள் என்கிறேன். நாம் போகாத நீதிமன்றத்தில் அவர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

கடைசியாக நம் மீது ஒரு விமர்சனம். அரசு மட்டும்தான் 'மற்றும் பலர்' என்று எழுதுகிறதா? நாமும் எழுதுகிறோம். பீமா கோரேகான் பதினாறு பேரின் படமும் நம் சுவரொட்டியில் இருக்கிறது. இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1982இலிருந்து. விசாரணையே இல்லாமல் ஓராண்டு அடைக்கலாம். 2017இல் மெரினாவில் நினைவேந்தல் நடத்த வந்த திருமுருகன் காந்தியும் தோழர்களும் அதில் அடைக்கப்பட்டார்கள். சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவியும் அடைக்கப்பட்டார். நாம் போராடினோம், உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சரி. அதே சட்டத்தில் அதே ஆண்டு உள்ளே போன, போராளி என்ற பெயர் இல்லாத, நம் காலனிப் பையன்கள் எத்தனை பேர்? தடுப்புக் காவலில் அதிகம் பேரை வைத்திருக்கும் மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடு முதலிடம் பிடித்திருக்கிறது. ஆட்சி மாறினாலும் இந்தப் பழக்கம் மாறவில்லை. அவர்களுக்காக நாம் ஒரு கூட்டம் போட்டிருக்கிறோமா?

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாதவர்கள். சிறையில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு தலித்துகள், ஆதிவாசிகள், பிற்படுத்தப்பட்டவர்கள். ஸ்டேன் சாமி இவர்களைத்தான் எண்ணினார். அரசுக்கு எதிராகப் பேசுபவர்களை அடக்கும் எந்திரம் அவர்களுக்காகப் புதிதாகச் செய்யப்பட்டதில்லை. சேரியிலும் ஆதிவாசிக் கிராமத்திலும் பல தலைமுறையாக ஓட்டிப் பழகிய எந்திரம்தான் இப்போது பேராசிரியர் வீட்டு வாசலுக்கும் வருகிறது. அங்கே நிறுத்தாமல் இங்கே நிறுத்த முடியாது.

அதனால் கேட்கிறேன். இந்த அரங்கில் நாற்பது பேர் இருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பெயர் கொண்டு வாருங்கள். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், உள்ளே இருக்கும் ஒருவர். என்ன வழக்கு, எந்த நீதிமன்றம், அடுத்த வாய்தா எப்போது, வழக்கறிஞர் உண்டா, வீட்டில் யார். ஐந்து வரி போதும். முதல் பெயரை நான் கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்து இந்த நோட்டு இங்கேயே இருக்கும்.